ஃபிலிம் டெண்ட் நாறினால், ஒட்டினால், உதிர்ந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒளி புகாத துணியால் ஆன சின்னக் கூடாரம் ஃபிலிம் மாற்றும் டெண்ட்; குழாய் வழியே கையை உள்ளே விட்டு, ஒளி படாமல் ஃபிலிமை ஏற்றவோ மாற்றவோ உதவுவது. பல மாதம் சுருட்டி வைத்திருந்த அந்த டெண்டை விரித்தால் சில சமயம் ஒரு நாற்றம் குப்பென்று அடிக்கும். உடனே நம் கை சோப்பையோ வாசனை ஸ்பிரேயையோ தேடும். கொஞ்சம் பொறுங்கள். எந்த வகை நாற்றம் என்று தெரியாமல் கழுவினால், காப்பாற்றியிருக்கக்கூடிய டெண்டைக் கெடுத்துவிடுவோம். காப்பாற்ற முடியாத டெண்டின்மேல் நாள்கணக்கில் பாடுபடவும் நேரும்.

மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கூடாரத்திலும் இதே பூச்சுதான், இதே நாற்றம்தான். அங்கே பூச்சு போனால் மழை உள்ளே வரும், மறுபடி பூசிக்கொள்ளலாம். நம் டெண்டிலோ பல சமயம் அந்தக் கறுப்புப் பூச்சுதான் இருட்டையே காக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தால் துணி சுத்தமாகும், ஆனால் ஃபிலிம் மாற்ற உதவாது. கூடாரத்துக்குச் சொல்லப்படும் வைத்தியத்தை அப்படியே இங்கே செய்யக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். கீழே சொல்வது கம்பி வைத்து நிற்கும் டெண்டுக்கும், சட்டை மாதிரி தட்டையாக இருக்கும் சேஞ்சிங் பேக்குக்கும் பொதுவானது.

முதல் வேலை: முகர்ந்து, தொட்டு, தேய்த்துப் பார்ப்பது

டெண்டின் எல்லா ஜிப்பையும் திறந்து, கைநுழைக்கும் குழாய்களை வெளியே இழுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் வேண்டாம். புற ஊதாக் கதிர் நைலானையும் பூச்சையும் சேர்த்தே கெடுக்கும். ஒரு நாள் கழித்து மூன்று இடங்களில் தனித்தனியாக முகருங்கள்: உள்பக்க மூலை, கைக்குழாயின் எலாஸ்டிக் பகுதி, வெளிப்பக்கம். கைக்குழாய் மட்டும் நாறினால் பெரும்பாலும் வியர்வைதான், பயப்பட ஒன்றுமில்லை. உள்பக்கம் முழுவதும் ஒரே மாதிரி நாறினால் பூச்சின்மேல் சந்தேகம் வரவேண்டும்.

அப்புறம் உள்பக்கத் துணியை மடித்து இரு முகங்களையும் விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, மெதுவாகப் பிரியுங்கள். நல்ல பூச்சு சத்தமில்லாமல் விலகும். கெட்டுப்போனது சர்ரென்று ஒட்டிக்கொண்டு பிரியும். கடைசியாக, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையை நாலு தடவை தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அழுக்கா, பூச்சா என்று பாருங்கள். அழுக்கு சாம்பல் நிறத்தில் பரவலாக வரும். பூச்சு மை போலத் திட்டுத்திட்டாகவோ, சின்னச் செதிலாகவோ வரும்.

அறிகுறி: வாந்தி போன்ற புளித்த நாற்றம், தொட்டால் பிசுபிசுப்பு

இதுதான் அதிகம் பேரைப் படுத்துவது, சரிசெய்யக் கடினமானதும் இதுவே. காரணம் பாலியூரித்தேன் பூச்சு சிதைவது. பாலியூரித்தேனில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகை காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து சங்கிலி சங்கிலியாக அறுபடும். அப்படி அறுபடும்போது அமிலங்கள் உண்டாகின்றன. அந்த அமிலமே மேற்கொண்டு சிதைவை விரைவுபடுத்துவதுதான் கொடுமை. அதனால் பல ஆண்டுகள் நன்றாக இருந்த டெண்ட், நாற்றம் தொடங்கிய பிறகு சட்டென்று மோசமாகும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதும், பழைய முதுகுப்பையின் உட்பக்கம் ஒட்டுவதும் இதே வினைதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இது விரைவாக நடக்கும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைத்தால் வெளிவரும் அமிலம் அங்கேயே தங்கிவிடும்.

இந்தச் சிதைவைத் திருப்ப முடியாது. வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். பிசுபிசுப்பு லேசாக இருந்து, வெள்ளைத் துணியில் கறுப்பு ஏறவில்லை என்றால் ஒரு முயற்சி செய்யலாம். குளிர்ந்த நீரில் மணமில்லாத மென்மையான திரவ சோப்பைச் சில துளி கலந்து, மென்மையான பஞ்சினால் உள்பக்கத்தைத் துடையுங்கள். ஊறவைக்க வேண்டாம், வாஷிங் மெஷின் கூடவே கூடாது. அடுத்து ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதனால் ஒருமுறை துடைத்தால் மேலே தங்கியிருக்கும் அமிலம் நடுநிலையாகும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். சோடா மிச்சமிருந்தால் காய்ந்து வெண்பொடியாகி ஃபிலிமின்மேல் விழும். இரண்டு நாளாவது நிழலில் விரித்துக் காயவையுங்கள்.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் பிசுக்கு போய்விடும் என்று பலர் சொல்வார்கள். போகும்தான், ஆனால் பிசுக்காக இருப்பது பூச்சேதான். ஒளிந்திருக்கும் ஒரு மூலையில், 70 சதவீதக் கரைசலை ஒரு துளி துணியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறுக்கவில்லை என்றால் மட்டும் லேசாகத் துடைக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

பவுடர் போடும் யோசனையும் அடிக்கடி காதில் விழும். ஒட்டுகிற துணியில் முகப்பவுடரைத் தூவினால் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் இருட்டில், மூடிய சின்ன இடத்தில், எமல்ஷன், அதாவது ஒளி உணரும் பூச்சு, திறந்திருக்கும் ஃபிலிமைக் கையாளும் இடம் இது. தூவிய பவுடர் 4×5 அங்குல ஷீட் ஃபிலிமின்மேல் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) உட்கார்ந்தால் ஒவ்வொரு துகளும் நெகட்டிவில் ஒரு தெளிந்த புள்ளி, பிரிண்டில் ஒரு கறுப்புப் புள்ளி. பவுடரையும் சமையல் சோடாவையும் டெண்டுக்குள் தூவவே தூவாதீர்கள்.

கறுப்பு ஏறுகிறது, ஒட்டுகிறது, நாறுகிறது என்று மூன்றும் சேர்ந்தால் என் தீர்ப்பு தெளிவு: அந்தத் துணியை விட்டுவிடுங்கள். கம்பியையும் ஜிப்பையும் கழற்றி வைத்துக்கொள்ளலாம், கடைசியில் அதற்கு வருகிறேன்.

அறிகுறி: ஈர நிலவறை வாடை, வெள்ளை அல்லது பச்சைப் புள்ளிகள்

இது பூஞ்சை. முந்தைய நாற்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூஞ்சை வாடை காயக் காயக் குறையும். பூச்சின் நாற்றம் வெப்பத்தில் கூடும். பூஞ்சை துணியைவிடத் துணியில் படிந்த வியர்வை, தோல் துகள், தூசி ஆகியவற்றைத்தான் தின்கிறது. அதனால்தான் கைக்குழாயின் உள்ளே முதலில் தெரியும்.

வெளியே எடுத்துப் போய், முகக்கவசம் அணிந்து, மென்மையான பிரஷால் காய்ந்த நிலையிலேயே தட்டிவிடுங்கள். பிறகு மணமில்லாத சோப்புநீர். வாடை இன்னும் இருந்தால் கூடாரங்களுக்கென்று விற்கும் நொதி வகைத் திரவம் இங்கே நன்றாக வேலை செய்யும். உயிர்ப்பொருளால் வரும் நாற்றத்தைத்தான் அது உடைக்கும். பாலியூரித்தேன் சிதைவுக்கு அதனால் பயனில்லை, வாங்கி ஏமாற வேண்டாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. பூஞ்சைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூள் என்று போடுவது வழக்கம். ஃபிலிம் நுழையும் எதிலும் அது வேண்டாம். 1890களின் இறுதியில் வேதியியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ரஸ்ஸல், முழு இருட்டில் வைத்த புகைப்படத் தகட்டின்மேல் மரம், வார்னிஷ், புதிதாகச் சுரண்டிய துத்தநாகம் ஆகியவை உருவம் பதிப்பதைக் காட்டினார். அதற்குக் காரணம் அவற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி என்று அவர் முடிவுக்கு வந்தார். ஒளி பட்டது போலவே பெராக்சைடும் எமல்ஷனை ஃபாக் ஆக்கும், அதாவது படமில்லாத இடத்திலும் கறுக்க வைக்கும். அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம். அது எமல்ஷனின் வேகத்தையே, அதாவது ஒளியை உணரும் திறனையே, மாற்றக்கூடியது. குளோரின் பிளீச் துணியையும் பூச்சையும் அரிக்கும்.

பூஞ்சையைத் துடைத்த டெண்டில் உடனே முக்கியமான ஃபிலிமை ஏற்றாதீர்கள். எமல்ஷனில் இருப்பது ஜெலட்டின், பூஞ்சைக்கு அது விருந்து. ஓரிரு வாரம் காய்ந்த இடத்தில் விரித்து வைத்து, வாடை திரும்புகிறதா என்று பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

அறிகுறி: ரப்பர் அல்லது கந்தக வாடை, மடிப்பில் விறைப்பு

பழைய சேஞ்சிங் பேக்குகள் பலவற்றில் பருத்தித் துணிக்கு இடையே ரப்பர் பூசியிருப்பார்கள். இந்தத் தொழில்நுட்பம் 1823இல் சார்லஸ் மாக்கின்டாஷ் காப்புரிமை பெற்ற மழைத்துணி வரை பின்னே போகிறது. அந்தத் துணி வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி நிலைப்படுத்தும் வல்கனைசிங் முறை வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நமக்கு அந்தக் கந்தகம்தான் கவலை. கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கருக்கும், ஃபிலிமில் இருப்பதும் வெள்ளிதான்.

அருங்காட்சியகங்களில் இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 1970களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி உருவாக்கியது. சந்தேகத்துக்குரிய பொருளின் துண்டையும் வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும் சிறிது ஈரத்தோடு மூடிய குப்பியில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்து, தகடு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் அவ்வளவு துல்லியம் வராது, ஆனால் அதன் சுருக்கமான வடிவம் பயன்படும். தையல் மடிப்பிலிருந்து விரல்நகம் அளவு துணியை வெட்டி, நன்றாகத் துலக்கிய சின்ன வெள்ளித் துண்டோடு கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு சொட்டு நீர் நனைத்த பஞ்சையும் உள்ளே வைத்து மூடி, சூடான அலமாரியில் சில வாரம் விடுங்கள். இன்னொரு பாட்டிலில் துணி இல்லாமல் வெள்ளியும் பஞ்சும் மட்டும். முதல் பாட்டிலின் வெள்ளி மட்டும் மஞ்சளித்தோ பழுப்பேறியோ இருந்தால் அந்த பேக்குக்குள் ஃபிலிமை ஒருபோதும் தங்கவிடக்கூடாது.

தங்கவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன். ரீலில் ஏற்றும் ஐந்து பத்து நிமிடத்தில் வெறும் நாற்றத்தால் ஃபிலிம் கெடுவது அரிது. படப்பிடிப்புக்கு நடுவே ஃபிலிம் ஏற்றிய ஹோல்டரையோ மேகசினையோ (கேமராவில் பொருத்தும் ஃபிலிம் உறைகள்) பேக்குக்குள்ளேயே ராத்திரி முழுக்க விட்டுவிடும் பழக்கம்தான் ஆபத்து.

விறைத்த ரப்பர் மடிப்பில் வெடிக்கும். எண்ணெயோ சிலிக்கோன் ஸ்பிரேயோ தடவி மென்மையாக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது கைக்கும், கையிலிருந்து ஃபிலிமுக்கும் போகும்.

அறிகுறி: எண்ணெய்ப் பிசுக்கு, புதுப் பிளாஸ்டிக் மணம்

பி.வி.சி. பூசிய துணியில், அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மேலே கசிந்து வரும். புளித்த நாற்றம் இராது, எண்ணெய் தொட்டது போல வழுக்கும். சோப்புநீரால் துடைத்தால் போகும், சில மாதத்தில் மறுபடி வரும். ஃபிலிம் ஏற்றுவதற்கு முந்தைய நாள் துடைத்துக்கொண்டால் போதும். புது டெண்டின் மணத்துக்கு ஒரு வாரம் திறந்து தொங்கவிடுவதைத் தவிர வேறு வைத்தியம் தேவையில்லை.

அறிகுறி: வினிகர் அல்லது டார்க்ரூம் புளிப்பு

இந்த வாடை துணியுடையதாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய அசிட்டேட் ஃபிலிம் எதையாவது டெண்டோடு சேர்த்து வைத்திருந்தீர்களா? அசிட்டேட் சிதைந்தால் அசல் வினிகர் வாடை வரும். அந்த ஃபிலிமைத் தனியே எடுத்து வைத்தால் சில நாளில் டெண்ட் தெளிந்துவிடும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஃபிக்ஸர், அதாவது டெவலப் செய்த ஃபிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கும் டார்க்ரூம் (இருட்டறை) கரைசல். கழுவாத கையோடு யாரோ கைக்குழாயில் நுழைத்திருக்கிறார்கள். இதை அலட்சியம் செய்யவே கூடாது. டெவலப் ஆகாத ஃபிலிமில் ஃபிக்ஸர் ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தின் சில்வர் ஹாலைடு கரைந்து, நெகட்டிவில் விரல் வடிவத்தில் தெளிந்த தடம் விழும். படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பர் பட்டால் எதிர்மாறாகக் கறுத்த தடம் வரலாம். கைக்குழாயை உள்வெளியாகத் திருப்பி, வெறும் நீரில் பலமுறை அலசித் துடையுங்கள். நாற்றம் போன பிறகும் இன்னொரு முறை அலசுங்கள், ஏனெனில் காய்ந்த ஃபிக்ஸர் உப்புக்கு வாடையே இராது.

அறிகுறி: உள்ளே கறுப்புத் துகள் உதிர்கிறது

நாற்றத்தைவிட இதுதான் ஃபிலிமுக்கு உடனடி எதிரி. டெண்டைத் தலைகீழாக்கி வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். நார் விழுந்தால் சாதாரணத் தூசி, வேக்குவம் கிளீனரை மெல்லிய முனையோடு வைத்து எடுத்துவிடலாம். மிளகு உடைத்தது போலச் செதில் விழுந்தால் பூச்சு உரிகிறது.

பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சில டெண்டுகளில் அது இரண்டு துணிகளுக்கு நடுவே மறைந்திருக்கும். துணியைக் கசக்கினால் உள்ளே சரசரவென்று கேட்கும், ஆனால் வெளியே எதுவும் விழாது. அப்படியானால் ஒளி கசியாதவரை பயன்படுத்தலாம். உள்முகத்திலேயே உரிந்தால் துடைக்கத் துடைக்கப் புதிதாக உதிரும்.

நாற்றம் போய்விட்டது, ஆனால் நம்பலாமா? சோதனை

இரவில், முழுக்க இருட்டாக்கிய அறையில் 10 நிமிடம் கண் பழகட்டும். பளிச்சென்ற எல்.இ.டி. விளக்கை டெண்டுக்குள் வைத்து ஜிப் இரண்டையும் மூடி, கைக்குழாய்களை முறுக்கிக் கிளிப் போடுங்கள். மடிப்பு மூலை, குழாய் உடலோடு சேரும் தையல், ஜிப் முடியும் இடம் ஆகிய மூன்றையும் கிட்டே போய்ப் பாருங்கள். விளக்கை இடம் மாற்றி மாற்றி வையுங்கள். ஊசிமுனை அளவு நட்சத்திரம் தெரிந்தால் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தப்புவது ஃபிலிமுக்குத் தப்பாது. அதனால் இரண்டாவது சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மூன்று துண்டுகளை வேறொரு நல்ல இருட்டறையில் வெட்டுங்கள். முதல் துண்டை அதன் டப்பாவிலேயே விடுங்கள், டெண்டைப் பார்க்கவே வேண்டாம். இரண்டாவதன் பாதியை, 120 வகை ஃபிலிம் சுருளோடு வரும் ஒளி மறைக்கும் கறுப்புக் காகிதத்தால் மூடி, டெண்டுக்குள் எமல்ஷன் மேல்நோக்கி வைத்து, வழக்கமாக நீங்கள் வேலை செய்யும் வெளிச்சத்தில் அரைமணி நேரம் விடுங்கள். மூன்றாவதைத் திறந்தபடி டெண்டுக்குள் வைத்து, டெண்டையே இருட்டறையில் ஓர் இரவு வையுங்கள். மூன்றையும் ஒரே டேங்கில் டெவலப் செய்யுங்கள்.

இரண்டாவது துண்டில் மூடாத பாதி மட்டும் கறுத்திருந்தால் ஒளி கசிகிறது. மூன்றாவது துண்டு முதலாவதைவிட அடர்த்தியாக இருந்தால் ஒளிக்குச் சம்பந்தமில்லை, துணியிலிருந்து வரும் ஆவிதான் ஃபாக் ஆக்குகிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கசிவு என்று நினைத்து டேப் ஒட்டிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

ஒளிக்கசிவுக்கு ஒட்டு

சின்னத் துளைக்குக் கறுப்புத் துணி டேப் போதும், வெளிப்பக்கம் ஒட்டுங்கள். பிசுபிசுக்கும் பூச்சின்மேல் டேப் பிடிக்காது, பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். பெரிய கிழிசலுக்கு இறுக்கமாக நெய்த கறுப்புத் துணித்துண்டை, வளைந்து கொடுக்கும் யூரித்தேன் பசையால் ஒட்டி ஓர் இரவு இறுகவிடுங்கள். தைத்தால் ஊசித்துளை ஒவ்வொன்றும் ஒரு கசிவு, தையலின்மேல் பசை பூச மறக்காதீர்கள். பசையின் கரைப்பான் மணம் முழுதாகப் போகும்வரை ஃபிலிம் உள்ளே போகக்கூடாது.

தளர்ந்த எலாஸ்டிக்கைப் பார்த்தால் பூச்சுக்கு முன்னால் அதை மாற்றுங்கள். கசிவு என்று வரும் புகாரில் கணிசமானவை அங்கேதான் இருக்கின்றன. அதன் குழலில் ஒரு தையலைப் பிரித்து, பழையதன் முனையில் புதியதை ஊக்கு போட்டு இழுத்துவிடலாம்.

வைக்கும் முறை

வேலை முடிந்ததும் டெண்டுக்குள் நம் கை விட்ட வியர்வை ஈரம் இருக்கும். ஜிப்பைத் திறந்து காயவிட்ட பிறகே சுருட்டுங்கள். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, காற்றுப் போகும் துணிப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நாற்றம் உறிஞ்ச அடுப்புக்கரி அல்ல, செயலூட்டிய கரி வேண்டும், அதுவும் பொடி சிந்தாத பையில். அந்துருண்டை, கற்பூரம், வாசனைப் பொட்டலம் எதுவும் வேண்டாம். நாற்றம்தான் சிதைவைச் சொல்லும் முதல் அறிவிப்பு, அதை வாசனையால் மூடினால் அறிவிப்பும் போய்விடும்.

துணியை மட்டும் மாற்றுவது

கம்பிச்சட்டம் நன்றாக இருந்து துணி மட்டும் செத்துப்போயிருந்தால், பழைய துணியைத் தையல்வழியே பிரித்து அதையே அளவு மாதிரியாக வைத்துப் புதிது தைக்கலாம். பூச்சில்லாத, நெருக்கமாக நெய்த கறுப்புப் பருத்தித் துணி மூன்று அடுக்கு போட்டால் கனம் கூடும், மடித்தால் பருமனாகும். ஆனால் சிதைவதற்குப் பூச்சே இல்லை, துவைக்கவும் செய்யலாம். துணி வாங்கும் முன் மூன்று அடுக்காக மடித்து விளக்கின்மேல் பிடித்துப் பாருங்கள். தைக்கும் முன் ஒருமுறை துவைத்துச் சுருங்கவிடுங்கள். இருட்டறையில் மேலே சொன்ன விளக்குச் சோதனையைத் தையல் முடிந்த அன்றே செய்துவிட்டால், எந்தத் தையலை இன்னொரு வரி ஓட்டவேண்டும் என்பது இயந்திரத்தை மூடிவைக்கும் முன்பே தெரிந்துவிடும்.